உடன் துயருறக் கேட்கும் மரம்: இடைக்கால ஜெர்மானியச் சிற்பங்களில் மெய்ப்பாடு

ஜெர்மனியின் பான் நகரத்து அருங்காட்சியகத்தில், ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரமுள்ள மரச்சிற்பம் ஒன்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றுப் பகுதியில் செதுக்கப்பட்ட அதனை, பிற்காலத்தில் வைத்திருந்த சேகரிப்பாளரின் பெயரால் ரோட்கன் பியட்டா என்று அழைக்கிறார்கள். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடல் தாயின் மடியில் கிடக்கிறது. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், வயிறு ஒட்டி உள்வாங்கியிருக்கிறது, தலை பின்புறமாகச் சாய்ந்து, கழுத்து முறிந்துவிட்டதோ என்று எண்ணும்படி தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது. முள்முடியின் முட்கள் ஆணிகளைப் போலத் தடித்தவை. காயங்களிலிருந்து வழியும் குருதி வெறும் சிவப்புக் கோடாகத் தீட்டப்படாமல், திராட்சைக் கொத்துப் போல உருண்டு திரண்டு புடைத்து நிற்கிறது. மகனின் மெலிந்த உடலோடு ஒப்பிட்டால் தாயின் தலை அளவுக்கு மிஞ்சிப் பெரியது. அவள் முகத்தில் இருப்பது வியாகுல மாதா சுரூபங்களில் நாம் பார்த்துப் பழகிய சாந்தமான சோகம் அன்று. நடந்ததை ஏற்க மறுக்கிற திகைப்பு அது. கோபம் என்று சொன்னாலும் பிழையாகாது.

இதை முதன்முதலில் காண்பவர், செதுக்கியவருக்கு உடலின் அளவுகள் தெரியவில்லை என்றே நினைக்கக்கூடும். உண்மையில் ஒவ்வொரு மிகையும் தெரிந்தே செய்யப்பட்டது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுத் தெரிவதைத் தமிழில் மெய்ப்பாடு என்கிறோம். ஏறத்தாழ 1300 முதல் 1530 வரை ஜெர்மன் பேசும் நிலங்களில் உருவான சமய மரச்சிற்பங்களைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் மிகவும் உதவும், ஆனால் ஒரு திருத்தத்தோடு. இங்கே மெய்ப்பாடு சிற்பத்தின் உடலோடு முடிவதில்லை. எதிரே நிற்பவரின் உடலிலும் அது நிகழ வேண்டும். பார்ப்பவர் அழுதால்தான் சிற்பம் தன் வேலையைச் செய்துமுடித்ததாகக் கருதப்பட்டது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால், அச்சமூட்டும் சிற்பங்களும் அமைதியான சிற்பங்களும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பது விளங்கிவிடும்.

துன்புறும் இயேசுவைக் காட்டுவது எல்லாக் காலத்திலும் வழக்கமாக இருந்ததில்லை. பிரவுன்ஷ்வைக் பேராலயத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டின் இமர்வார்ட் சிலுவையில், இயேசு நீண்ட அங்கி அணிந்து, இடைக்கச்சை கட்டி, அகன்று திறந்த கண்களோடு, கைகளை நேராக நீட்டி நிற்கிறார். தொங்குகிறார் என்று சொல்லவே முடியாது. சாவை வென்ற அரசராக அவரைக் காட்டுவதே அச்சிற்பத்தின் நோக்கம். இதற்கு விலக்காக, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கொலோன் பேராலயத்தின் கேரோ சிலுவை, கண்மூடித் தலை கவிழ்ந்து இறந்துபோன இயேசுவை ஓக் மரத்தில் ஏறக்குறைய ஆளுயரத்தில் காட்டிவிட்டது. ஆனால் அந்த முகத்தில்கூட வலி அடங்கிப்போய்தான் இருக்கிறது. வலியைத் திறந்து காட்டி, அதற்குள் பார்ப்பவரை இழுக்கும் வழக்கம் பரவலானது 1300ஐ ஒட்டித்தான்.

அந்த மாற்றத்தின் வேர் செபத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்னார்டு போன்ற துறவியரும், 13ஆம் நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிசும் அவர் வழிவந்தவர்களும், இயேசுவை எட்டாத உயரத்து அரசராக அல்லாமல், பசியும் வலியும் அறிந்த மனிதராக நெருங்கிச் செல்லக் கற்பித்தனர். அவருடைய பாடுகளை வெறுமனே நினைவுகூர்ந்தால் போதாது. அவற்றை அருகிருந்து பார்ப்பதுபோல மனத்தில் காண வேண்டும், தாயோடு சேர்ந்து அழ வேண்டும், இயன்றவரை அந்த வலியைத் தன் உடலிலும் உணர வேண்டும். இலத்தீனில் இதற்குக் கொம்பாசியோ என்று பெயர். இரக்கம் என்று மொழிபெயர்த்தால் பொருள் பாதிதான் வரும், ஏனென்றால் இரங்குபவர் வெளியே நிற்கிறார். கொம்பாசியோ என்பது உடன் துயருறுதல். கான்ஸ்டன்ஸ் நகரத்து தொமினிக்கத் துறவி ஹைன்ரிக் சோய்சே இதை எந்த எல்லை வரை கொண்டுசென்றார் என்றால், இயேசுவின் பெயரைத் தம் நெஞ்சின்மீது எழுத்தாணியால் கீறிக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ரோட்கன் பியட்டாவின் குருதிக் கொத்துகளை இப்படிப்பட்ட ஒருவர் முன்னே வைத்துப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நிற்கும் நம் முன்னே வைத்தால் அவை விகாரமாகத்தான் தோன்றும்.

மடியில் மகனின் உடலைக் கிடத்திய தாயின் உருவம் பிற்காலத்தில் பியட்டா என்ற இத்தாலியப் பெயரால் உலகெங்கும் புகழ்பெற்றாலும், அது பிறந்தது ஜெர்மானிய நிலத்தில். அங்கே அதன் பெயர் வெஸ்பர்பில்ட், அதாவது மாலைச் செபப் படிமம். பெரிய வெள்ளியன்று இயேசுவின் உடலை இறக்கியதற்கும் அடக்கம் செய்ததற்கும் இடைப்பட்ட நேரம் மாலைச் செப வேளையோடு இணைத்துத் தியானிக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது. கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், தாய் மகனை மடியில் ஏந்திய காட்சி நான்கு நற்செய்திகளில் எதிலுமே இல்லை. மரியாள் சிலுவையின் அருகில் நின்றார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. உடல் இறக்கப்பட்டபோது அவர் என்ன செய்தார் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் செபமும், ஜெர்மன் மொழியில் பாடப்பட்ட மரியாளின் புலம்பல்களும் நிரப்பின. சிற்பி அதற்கு உருவம் கொடுத்தார்.

இவ்வகைச் சிற்பங்களைக் கலை வரலாற்றாளர்கள் ஆண்டாக்ட்ஸ்பில்ட் என்கிறார்கள். தியானப் படிமம் என்று நாம் சொல்லலாம். கதையில் வரும் மற்றவர்களை எல்லாம் விலக்கிவிட்டு, ஒரே ஒரு கணத்தையும் அதில் உள்ள உறவையும் மட்டும் தனியே பெயர்த்தெடுத்து, கால எல்லையின்றிப் பார்க்க வைப்பது இதன் இயல்பு. சிலுவை இறக்கிய ஆட்கள் இல்லை, அழும் பெண்கள் இல்லை, கல்லறை இல்லை. தாயும் மகனும் மட்டுமே.

இதே முறையில், ஆனால் முற்றிலும் வேறான உணர்ச்சியோடு செய்யப்பட்டது இயேசுவும் யோவானும் இணைந்த சிற்பம். சாவுக்கு முந்தின இரவு சீடரோடு உண்ட இராவுணவின்போது அன்புச் சீடர் யோவான் இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்தார் என்ற ஒரு வரியிலிருந்து, மேசையையும் மற்றச் சீடர்களையும் நீக்கிவிட்டு, அந்த இருவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கான்ஸ்டன்ஸ் நகரத்து ஹைன்ரிக் என்ற சிற்பி, ரைன் கரையில் இன்றைய சுவிட்சர்லாந்துக்குள் இருக்கும் சங்க்ட் கதரீனென்டால் தொமினிக்கக் கன்னியர் மடத்துக்காக வால்நட் மரத்தில் செதுக்கிய சிற்பம் இப்போது ஆண்ட்வெர்ப் நகரின் மயர் வான் டென் பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யோவானின் கண்கள் மூடியிருக்கின்றன. தலை இயேசுவின் மார்பில் பாரமின்றிச் சாய்ந்திருக்கிறது. இருவரின் வலக்கைகளும் இணைந்திருக்கின்றன. இயேசுவின் மற்றொரு கை சீடரின் தோள்மேல் படிந்திருக்கிறது. ஒருவரின் ஆடை மடிப்பு மற்றவரின் மடிப்பாகத் தொடர்ந்து கீழிறங்குவதால், இரண்டு உடல்கள் எங்கே பிரிகின்றன என்று கண் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கன்னியர் யோவானின் இடத்தில் தம்மை வைத்தே இதைத் தியானித்தனர். குருதியோ கண்ணீரோ இதில் ஒரு துளிகூட இல்லை. இந்த மரபில் உணர்ச்சி என்றாலே கதறல் என்று எண்ணுபவர்கள் முதலில் காண வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

இந்தச் சிற்பங்களின் கடுமைக்குக் கொள்ளை நோயே காரணம் என்று பல இடங்களில் எழுதப்படுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கொள்ளை நோய் ஐரோப்பாவைத் தாக்கியது 1347க்கும் 1351க்கும் இடையில். கொலோன் நகரத்துச் சங்க்ட் மரியா இம் காபிட்டோல் ஆலயத்தில், கவட்டை மரம் போன்ற சிலுவையில் உடல் வற்றி, நரம்பு புடைத்துத் தொங்கும் இயேசுவின் உருவம் 1304ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆகவே மரபு ஏற்கெனவே முழுமையாக உருவாகி நின்றபோதுதான் நோய் வந்தது. சாவைத் தினமும் கண்ட மக்கள் இச்சிற்பங்களை இன்னும் இறுகப் பற்றியிருப்பார்கள் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் காரணத்தைச் செபத்தில்தான் தேட வேண்டும், நோயில் அல்ல.

இனி மரத்துக்கு வருவோம். வடக்கிலும் கீழ் ரைன் பகுதியிலும் ஓக் மரத்தை மிகுதியாகப் பயன்படுத்தினர். தெற்கு ஜெர்மனியின் சிற்பிகளுக்கு லிண்டன் மரமே உகந்தது. அது மென்மையானது, சீரான நுண்ணிழை கொண்டது, எந்தத் திசையில் உளியை ஓட்டினாலும் பெரும்பாலும் பிளவுபடாமல் இடம் கொடுப்பது. சுருள் முடியைத் துளைத்துத் துளைத்து நுரைபோல் ஆக்கவும், ஆடையின் ஓரத்தைத் தாள்போல் மெலிய வைக்கவும், கையின் புறத்தே ஓடும் நரம்பை எழுப்பவும் அந்த மரம் அனுமதித்தது. அதற்கு ஒரு குறையும் உண்டு: உலரும்போது அதிகம் சுருங்குவதால், நடுத்தண்டோடு விட்டுவைத்தால் வெடித்துவிடும். எனவே சுவரை ஒட்டி நிற்கும் சிற்பங்களின் முதுகைக் குடைந்து, உள்மரத்தை நீக்கி, ஓடுபோல ஆக்கிவிடுவார்கள். முன்னே ஒரு முழு மனிதனின் துயரம் தெரியும் உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் வெறும் தொட்டிபோல் இருக்கும். செதுக்கும்போது மரத்தைப் படுக்கவைத்து, இரு முனைகளிலும் இறுக்கிப் பிடித்து, வேண்டியபடி உருட்டிக்கொண்டு வேலை செய்ததால், பல சிற்பங்களின் உச்சந்தலையில் இன்றும் ஒரு துளையோ அதை அடைத்த முளையோ காணப்படுகிறது.

செதுக்கி முடித்த உருவம் அக்காலத்தவர் கண்ணுக்குப் பாதி வேலைதான். பசையும் சுண்ணமும் கலந்த பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் நிறமும் பொன்தகடும் ஏற்றியபின்பே அது ஆலயத்துக்குப் போகும். இந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் வேறொரு கைவினைஞரான ஓவியர். பல நேரங்களில் சிற்பியைவிட அவருக்கே கூலி அதிகம். மெய்ப்பாட்டில் பெரும்பங்கு அவருடையது. அழுது சிவந்த இமை ஓரம், இறந்த உடலின் பச்சை கலந்த வெளிறல், நீலம் பாரித்த உதடு, கன்னத்தில் நிற்கும் பளபளப்பான கண்ணீர்த் துளி ஆகியவற்றை உளியால் தர முடியாது, தூரிகைதான் தர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மரத்தின் இயல்பான அழகைக் காண விரும்பியவர்கள் எத்தனையோ சிற்பங்களின் பழைய நிறத்தைக் கரைத்து நீக்கிவிட்டார்கள். இது பெரும் இழப்பு. அருங்காட்சியகத்தில் பழுப்பு நிற மரமாக நிற்கும் ஒரு மரியாளைக் காணும்போது, அவள் அப்படித்தான் பிறந்தாள் என்று நம்பிவிடக் கூடாது.

சில சிற்பங்கள் அசையவும் செய்தன. குருத்தோலை ஞாயிறு அன்று, கழுதைமீது அமர்ந்த இயேசுவின் மர உருவத்தைச் சக்கரம் பூட்டி ஊர்வலமாக இழுத்துச் சென்றார்கள். பெரிய வெள்ளியன்று, தோளில் மூட்டு வைத்த சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, கைகளை உடலோடு மடக்கிக் கல்லறையில் கிடத்தினார்கள். சாக்சனியின் டோபெல்ன் நகரத்துச் சங்க்ட் நிக்கோலாய் ஆலயத்தில், 1510 வாக்கில் செய்யப்பட்ட ஆளுயர இயேசு உருவம் ஒன்று இருக்கிறது. அதற்கு மூட்டுகள் அசையும், தலையிலும் தாடியிலும் உண்மையான முடி உண்டு, விலாக் காயத்திலிருந்து குருதி போன்ற நீர்மம் வழியும்படி உள்ளே ஒரு குழிவும் அமைத்திருக்கிறார்கள். ஏமாற்று வித்தை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. அதன் தோளைத் தாங்கி இறக்கியவர்களுக்கும், கீழே நின்று பார்த்தவர்களுக்கும் அது மரம் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தும், ஓர் உடலைத் தூக்குவதுபோல் மெல்லத் தூக்கினார்கள்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகரங்கள் செழித்து, வணிகர்களும் கைவினைச் சங்கங்களும் பெரும் பீடச் சிற்பத் தொகுதிகளுக்குப் பணம் கொடுத்த காலத்தில், மெய்ப்பாடு காயத்திலிருந்து முகத்துக்கும் கைக்கும் துணிக்கும் இடம் மாறியது. நியூரம்பர்க் நகரத்தின் வைட் ஸ்டோஸ், போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த ஜெர்மானிய நகரத்தாருக்காக 1477 முதல் 1489 வரை உழைத்து முடித்த பீடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மனிதரைவிடப் பெரிய உருவங்கள் நிறைந்த நடுக்காட்சியில் மரியாளின் மரணம். வழக்கம்போல் அவர் படுக்கையில் கிடக்கவில்லை. முழந்தாளிட்டபடியே உயிர் தளர்ந்து சரிகிறார், ஒரு திருத்தூதர் அவரைத் தாங்குகிறார். மரியாளின் கைகளைப் பாருங்கள்: மணிக்கட்டில் வலுவிழந்து, விரல்கள் தொங்குகின்றன. அவருடைய தலைக்கு மேலே இன்னொரு திருத்தூதரின் கைகள், விரல்களைக் கோத்து இறுக்கிய நிலையில் இருக்கின்றன. ஒரு கையில் உயிர் வடிகிறது, மற்றொரு கையில் ஆற்றாமை இறுகுகிறது. முகங்களை மறைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாலும் நடப்பது புரியும். சுற்றியுள்ள ஆடைகளோ, காற்றே வீசாத அறையில் சூறாவளியில் சிக்கியவைபோல் சுழன்று மடிகின்றன. அமைதி காக்க வேண்டிய திருத்தூதர்களின் உள்ளத்துக் கலக்கம் துணியில் வெளிப்படுகிறது.

வூர்ட்ஸ்பர்க் நகரத்தின் டில்மன் ரீமன்ஷ்னைடர் நேர் எதிரான வழியில் சென்றார். அவருடைய மனிதர்கள் கதறுவதில்லை. கனத்த மேலிமை, சற்றே கீழிறங்கிய கடைக்கண், இறுகாமல் மூடிய உதடு ஆகியவற்றோடு, நடக்கப்போவதை முன்பே அறிந்தவர்கள்போல் நிற்கிறார்கள். மேலும் அவர் தம் முக்கியமான பீடங்கள் சிலவற்றுக்கு நிறமே பூசவில்லை. பழுப்புநிற மெல்லிய மெருகு மட்டும் கொடுத்து, கண்மணிக்கும் உதட்டுக்கும் சிறிது நிறம் வைத்தார். குருதியின் சிவப்பும் பொன்னின் ஒளியும் இல்லாதபோது, உணர்ச்சி முழுவதையும் உளியின் வெட்டிலும் அதில் விழும் நிழலிலும் மட்டுமே கொண்டுவர வேண்டும். இதை எல்லோரும் விரும்பிவிடவில்லை. முன்னர்ஷ்டட் ஊருக்காக அவர் 1492இல் முடித்துக்கொடுத்த மரிய மகதலேனா பீடம் பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் வெறும் மரமாக நின்றபின், 1504-05இல் அவ்வூரார் அதற்கு நிறமும் பொன்னும் ஏற்றச் செய்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் வேறு யாருமல்லர், வைட் ஸ்டோஸ்தான்.

தொடக்க நிலையில் பலரும் செய்யும் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1525இல் உழவர் போர் தோற்றபோது, எழுச்சியாளருக்கு ஆதரவாக நின்ற நகர மன்றத்தினரில் ஒருவராக ரீமன்ஷ்னைடர் சிறையிலும் சித்திரவதையிலும் அகப்பட்டார். ஸ்டோஸ் 1503இல் கடன் பத்திரம் ஒன்றைப் போலியாக எழுதியதற்காக இரு கன்னங்களிலும் சூடு போடப்பட்டார். இவற்றை அறிந்தவுடன், அவர்களின் சிற்பங்களில் உள்ள சோகம் அவர்களுடைய சொந்தச் சோகமே என்று படிக்கத் தோன்றும். ஆனால் ரீமன்ஷ்னைடரின் புகழ்பெற்ற சோக முகங்கள் எல்லாம் 1525க்கு முன்பே செதுக்கப்பட்டவை. கிராக்கோ பீடமும் ஸ்டோஸின் தண்டனைக்கு முந்தியது. அதைவிட முக்கியமானது, தன்னுள்ளத்தைக் கொட்டுவது சிற்பியின் வேலை என்று அக்காலம் கருதவே இல்லை. பட்டறையில் உதவியாளர்களோடு, ஒப்பந்தப்படி, குறித்த நாளுக்குள் செய்யப்பட்ட உருவம் அது. அழ வேண்டியவர் சிற்பி அல்லர்; முன்னே முழந்தாளிடுபவர்.

அந்த ஆற்றலே பின்னர் சிற்பங்களுக்கு எதிராகவும் திரும்பியது. மரத்துக்குமுன் கண்ணீர் விடுபவர், கடவுளின் உயிருள்ள சாயலாகிய ஏழையைக் கடந்துபோகிறார் என்று சுவிங்லி போன்ற சீர்திருத்தத் தலைவர்கள் வாதிட்டார்கள். 1524இல் சூரிச் ஆலயங்களிலிருந்தும், 1531இல் உல்ம் பேராலயத்திலிருந்தும் உருவங்கள் அகற்றப்பட்டன. நியூரம்பர்க்கில் லூத்தரின் வழியைப் பின்பற்றியவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஸ்டோஸ் செதுக்கி ஆலய முகட்டிலிருந்து தொங்கவிட்ட, வானதூதர் மரியாளை வாழ்த்தும் மங்கள வார்த்தைச் சிற்பத்தை உடைக்காமல், துணியால் மூடிவைத்தார்கள்.

ரோத்தன்பர்க் நகரமும் லூத்தரன் ஆனது. ஆயினும் அங்குள்ள சங்க்ட் யாக்கோப் ஆலயத்தின் திரு இரத்தப் பீடம் பிழைத்து, இன்று அந்த ஆலயத்தின் மேற்கு மாடத்தில் நிற்கிறது. 1500களின் முதல் ஆண்டுகளில் ரீமன்ஷ்னைடர் அதன் இராவுணவுக் காட்சியைச் செதுக்கினார். பேழையின் பின்புறத்தில் சிறு கண்ணாடிச் சாளரங்கள் இருப்பதால் உருவங்களுக்குப் பின்னாலிருந்தும் வெளிச்சம் வருகிறது. நிறமற்ற முகங்களில் நிழல் பொழுதுக்குப் பொழுது இடம் மாறுகிறது. காட்சியின் மையத்தில் இயேசு இல்லை, அவரைக் காட்டிக்கொடுக்கப்போகும் சீடன் யூதாஸ் நிற்கிறான். கையில் பணப்பை, இயேசு அவனை நோக்கி அப்பத் துண்டை நீட்டுகிறார். அவன் முகத்தில் கொடூரம் எதையும் சிற்பி வைக்கவில்லை. தன்னைக் கண்டுகொண்டார் என்று உணர்ந்தவனின் தடுமாற்றமும், இன்னும் திரும்பிவிடலாமோ என்ற தயக்கமும்தான் எனக்கு அதில் தெரிகின்றன. முன்னிருந்து பார்க்கிறவர்களுக்கு அவனுடைய உடல் இன்னொருவரை மறைக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால்தான், இயேசுவின்மேல் சாய்ந்து உறங்கும் யோவான் கண்ணில் படுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கன்னியர் மடத்தில் தனியே அமர்ந்திருந்த அதே இருவர்தான். இப்போது அவர்களுக்கும் நமக்கும் நடுவில் யூதாஸ் நிற்கிறான்.